இரண்டு சீட்டு வண்டி

பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் பானெட்டைத் திறந்து என்ஜினைத்தான் பார்ப்பார்கள், மேடம். அது தப்பு. முதலில் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் பட்டையாக ஒரு ஒயர் இருக்கும். அது துருப்பிடித்துவிட்டால் வண்டியில் வேறெதுவும் ஒழுங்காக இருக்காது. ஸ்டார்ட்டர் இழுக்காது, லைட் மங்கும், ஹாரன் தொண்டை கட்டினது போலக் கத்தும். நாம் பேட்டரியை மாற்றுவோம், ஸ்டார்ட்டரை மாற்றுவோம், கடைசியில் வண்டியை விற்றவனின் குடும்பத்தையே சபிப்போம். கோளாறு அந்த ஒரு பட்டை ஒயரில்தான் இருக்கும்.

நீங்கள் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்த எர்த் ஒயர்தான்.

என் பெயர் ஷாலின். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். டிப்ளமோ முடித்ததும் ஒரகடத்தில் ஒரு ஒயரிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு காருக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் பலகையில் பரப்பி, கட்டுக்கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி அனுப்புகிற லைன். என் வீட்டுக்காரர் பென்சனும் எங்கள் பக்கத்து ஆள்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் பிளான்ட்டில் சூப்பர்வைசர். கல்யாணமாகி மகள் பெனிஷா பிறந்ததும் நான் வேலையை விட்டேன். வடக்குப்பட்டில் மனை வாங்கி வீடு கட்டினோம். மகள் இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும் இல்லையா? அவருக்கு ஷிஃப்ட், ஷிஃப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. இல்லாத நாளில் போன். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். உப்பு குறைந்தாலும் சொல்லமாட்டார். நான் வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் மீன் குழம்பு வைத்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்புறம் அந்தக் கார் வந்தது.

கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் குடும்பத்திடமிருந்து வாங்கினார். இங்கிலாந்தில் செய்தது, அறுபதுகளின் மாடல். சிவப்பு. இடுப்பளவு உயரம்கூட இருக்காது. மேலே துணிக்கூரை. இரண்டே சீட்டு. பின்னால் ஒரு பை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. நல்ல ஓடுகிற கண்டிஷன் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓடுகிற வண்டியை எதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று நான் கேட்டேன். பழைய வண்டி, மலை இறங்கினால் சூடாகும் என்றார். வாசலில் இறக்கி, உள்ளே தள்ளிக்கொண்டுபோய் ஷெட்டில் நிறுத்தினார்கள். சாயங்காலம் அவர் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். கீழே தரை தெரிந்தது. எங்கள் வீட்டு சிமெண்ட் தரை.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஒரு மழைக்குத் துணிக்கூரை ஒழுகி சீட்டெல்லாம் நாறியது. பெட்ரோல் ஹோஸ் வெடித்து, ஷெட்டிலிருந்து சமையலறை வரைக்கும் வாடை. அடுப்புப் பற்றவைக்கவே பயம். வெயிலில் ஒரகடம் கூட்டுரோடு தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். நான் ஆட்டோ பிடித்துத் தண்ணீர்க் கேனோடு போய் நிற்பேன். பெட்ரோல் டேங்கில் துரு. ஃபில்டரை மாற்றினால் ஒரு வாரம் ஓடும், திரும்ப அடைத்துக்கொள்ளும். ஒன்றைச் சரிபண்ணினால் அடுத்தது கிளம்பும். அவர் பாவம், ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குப் போவார். ஸ்பானரை எறிவது கேட்கும். விற்ற ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

ஒருநாள் சாயங்காலம் ஷெட்டிலிருந்து கூப்பிட்டார்.

"ஏட்டி ஷாலினு, இந்த லைட்டக் கொஞ்சம் பிடி."

அவ்வளவுதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போய் லைட்டைப் பிடித்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர், அப்படியும் ஆகவில்லை. சாவியைத் திருப்பும்போதெல்லாம் சோக் கேபிளிலிருந்து லேசாகப் புகை வந்தது. கரன்ட் போக வேண்டிய வழியில் போகாமல், கிடைத்த வழியில் போகிறது என்று எனக்குப் புரிந்தது. லைனில் ஐந்து வருஷம் இருந்தவள் நான். "எர்த்தப் பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். அந்தப் பட்டை ஒயரைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, அப்பளம் மாதிரி.

புது ஒயர் போட்டதும் வண்டி ஒரே இழுப்பில் எடுத்தது. அவர் சிரித்தார், மேடம். என் தோளில் கையைப் போட்டு, கிரீஸ் அப்பின கையோடு, சிரித்தார். மறுநாள் பிளான்ட்டில் எல்லாரிடமும், "என் வீட்டம்மாதான் கண்டுபிடிச்சா" என்று சொன்னாராம். அந்த நைட்டியை நான் துவைக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவில் மூச்சிழுக்க வேண்டும். அதைப் பார்க்க மீட்டர் எல்லாம் தேவையில்லை. ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால் போதும். ஒன்றில் 'ஸ்ஸ்' என்று வரும், மற்றதில் கொஞ்சம் கட்டையாக வரும். அவருக்கு மெஷின் சத்தத்தில் இருந்து இருந்து காது சரியில்லை. அதனால் டியூபை என் காதில் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க" என்பேன். அவர் ஸ்க்ரூவைத் திருப்புவார். அப்படியே பேச்சு வரும். பிளான்ட்டில் யாரை எதற்கு மாற்றினார்கள், அவருடைய அப்பா ஏன் அவரை அடித்தார், பாதிரியாராகப் படிக்க செமினாரியில் சேரப் போய் ஏன் திரும்பி வந்தார். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒன்றும் தெரியாது எனக்கு. எல்லாம் அந்த வண்டி கெட்டுக் கிடந்ததால் கேட்டது.

கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. தெர்மோஸ்டாட் மாற்றினோம், ரேடியேட்டரைக் கழுவினோம், டேங்கை இறக்கித் துருவெடுத்தோம். ஒருநாள் வண்டி ஒழுங்காக ஓடியது. அன்றைக்கு என்னை உட்காரவைத்து சுங்குவார்சத்திரம் வரை கூட்டிக்கொண்டு போனார். தலைமுடியெல்லாம் வாயில். நான் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். "செத்த நேரம் சும்மா இரு, என்ஜின் சத்தத்தக் கேக்கணும்" என்றார். சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் கூடுவார்களாம். பக்கத்து சீட்டில் பிளான்ட்டுக்காரர் யாராவது உட்கார்ந்து போவார். இருட்டின பிறகு வந்து, வண்டிக்கு உறை போட்டுவிட்டு, போனோடு படுத்துவிடுவார். நான் செய்துவைத்த கோழிக்குழம்பு அப்படியே இருக்கும்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல்தடவை நான் செய்தது மிகச் சின்ன விஷயம். ஒரு சனிக்கிழமை மதியம். ஒயர்க் கட்டின் டேப்பைப் பிரித்து, ஸ்பார்க் கொடுக்கிற காயிலுக்குப் போகிற ஒயரை மட்டும் உள்ளே அறுத்தேன். அதெல்லாம் எனக்குக் கைவந்த வேலை. மேலே பழையபடி டேப்பைச் சுற்றி, தூசியைத் தடவிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் திட்டினார். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டு, "ஷாலினு" என்றார்.

அந்த ஞாயிறு எங்கேயும் போகவில்லை. கோழிக்குழம்பு தீர்ந்தது.

நான் அளவோடுதான் செய்தேன், மேடம். ஒரு கோளாறைக் கண்டுபிடித்து அவர் சந்தோஷப்பட்டு, இரண்டு நாள் ஓட்டினதும்தான் அடுத்ததை வைப்பேன். ஒருதடவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள், ஒருதடவை ஃப்யூஸ் பெட்டியில், ஒருதடவை பெட்ரோல் பம்ப்புக்குப் போகிற முனையில். ஒரே இடத்தில் இரண்டுதடவை வைத்ததில்லை. அவருக்குத்தான் பொறுமை போய்விட்டது. எவ்வளவு செய்தாலும் திரும்பத் திரும்ப வருகிறதே என்று மனுஷர் உடைந்துபோனார். கன்னம் ஒட்டிப்போனது. சர்ச்சில் மாஸுக்கு வருவதை நிறுத்தினார். ஒருநாள் வண்டிக் கதவை எட்டி உதைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "இந்த வண்டிக்குச் சாபம் இருக்கா, இல்ல எனக்கு இருக்கா?" என்று அழுகிற குரலில் கேட்டார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். சில நாட்கள் அவர் பேசினதில் பாதி கெட்ட வார்த்தைதான். ஆனாலும் என்னிடம்தானே பேசினார்.

அப்போதுதான் எழிலரசனை அழைத்துவந்தார்.

எழிலரசன் சிங்கப்பெருமாள் கோவிலில் ஸ்டேஷன் பக்கம் ஷெட் வைத்திருந்த மெக்கானிக். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. பழைய வண்டியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதை அவனே சொன்னான். "அண்ணே, நான் இந்த மாறி வண்டிய போன்லதான் பாத்துகினு கீறேன். ஆனா இன்னா, அதுவும் நாலு சக்கரந்தானே, வுட மாட்டேன்" என்றான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்வான். சரியாகத்தான் செய்தான். அவன் செய்துவிட்டுப் போன மூன்றாம் நாள் வண்டி நிற்கும். அவன் வருவான், பார்ப்பான், தலையைச் சொறிவான், திரும்பச் செய்வான். திரும்ப நிற்கும்.

என் வீட்டுக்காரருக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. அவனே வேண்டுமென்று எதையாவது கழற்றிவைக்கிறான் என்று நினைத்தார். ஒருநாள் வாசலில் வைத்தே, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க, அவனைத் திருட்டுப்பயல் என்றார். பிளான்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோவைப் போட்டு, இவனிடம் வண்டி விடாதீர்கள் என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் எல்லாருமே பிளான்ட் ஆட்கள்தான். எழிலரசன் ஷெட்டில் வண்டி வருவது நின்றது.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் அவன் வரும்போதெல்லாம் நல்ல டீ போட்டுக் கொடுத்தேன், சில நாள் அடையும் சுட்டுக் கொடுத்தேன்.

வேறு ஆளாக இருந்தால் இந்தப் பக்கமே திரும்பியிருக்கமாட்டான். அவன் வந்தான். இந்த வண்டியைச் சரிபண்ணாமல் விட்டால் தனக்கு வந்த கெட்ட பெயர் இப்படியே நின்றுவிடும் என்றான். ஒருநாள் காலை, இவர் ஷிஃப்ட்டில் இருக்கும்போது, போன் பண்ணிவிட்டு வந்தான். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க வாங்களேன்."

போனேன். ஒரு ஒயர்க் கட்டைக் கையில் பிடித்திருந்தான்.

"இந்த டேப்பு யாரு சுத்துனது?"

"அவரா இருக்கும். இல்லேன்னா நீ."

"நான் சுத்துனா மலைப்பாம்பு மாறி இருக்கும். அண்ணன் சுத்துனா அதவிட மோசம். இத பாருங்க, பாதிக்குப் பாதி ஏறி, ஒரே இழுப்புல போயிருக்குது. இது லைன்ல சுத்துற சுத்துக்கா. எங்க வூட்டுக்காரி மஹாலட்சுமியும் ஒயரிங் கம்பெனிலதான் வேல செய்யுறா. வூட்ல ஓட்டை பக்கெட்டுக்குக்கூட இப்டிதான் சுத்துவா."

நான் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"வெளிய டேப்பு நல்லா கீது. உள்ள ஒயர அறுத்து வுட்டு கீது." கொஞ்சநேரம் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னாத்துக்குக்கா?"

"உனக்கு டீ போடட்டுமா?" என்றேன்.

அவன் ஒயரைக் கீழே விட்டான். துணியில் கையைத் துடைத்தான். "நான் அண்ணங்கிட்ட சொல்லமாட்டேன். உங்க குடும்ப விஷயம் எனக்கு எதுக்கு. ஆனா ஊர்ல என் பேரு நாறுதுக்கா. எங்க வூட்ல மூஞ்சி குடுத்துப் பேச முடியல. இனிமே வேணாம். சரியா?"

சரி என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவன் சொன்னதை நம்பினேனா என்று நீங்கள் கேட்கலாம். நம்பினேன். அவன் சொல்லியிருக்கமாட்டான். அதனால்தான் சொல்கிறேன், வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் நான் எதுவும் செய்யவில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள்.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். வண்டியைத் தன் ஷெட்டுக்கே கொண்டுபோய், ஒயரிங் முழுவதையும் உரித்துப்போட்டுப் புதிதாக இழுக்கிறேன் என்றான். "பத்து வருசத்துக்கு இதுக்கு ஒண்ணியும் ஆவாது, எழுதி வெச்சிக்குங்க" என்றான். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

வண்டி போனதும் எங்கள் ஷெட் காலியாகிவிட்டது. இவர் ஷிஃப்ட் முடிந்து நேராக சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனார். முதலில் கண்காணிக்கத்தான் போனார். பிறகு அவன் வேலை செய்கிற நேர்த்தியைப் பார்த்து மனம் மாறிவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டார். குரூப்பிலும் எழுதினார். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். அங்கே அவனுக்கு லைட் பிடித்தது இவர். அவன் பெண்டாட்டி மஹாலட்சுமி கொடுத்துவிடுகிற இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்து, "என்ன ருசி தெரியுமா, உப்பு உறைப்பு எல்லாம் கச்சிதம்" என்றார். என்னிடம் சொன்னார்.

வண்டி திரும்பி வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சாவியைத் தொட்டால் போதும், பற்றிக்கொண்டது. நான் பார்த்த நாளிலிருந்து அப்படி ஓடியதில்லை. இவர் சின்னப் பையன் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோத்தகிரிக்குப் போகப்போகிறோம் என்றார். விற்றவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டுமாம். வழியில் ஏதாவது ஆனால் பார்க்க வேண்டும் என்பதால் எழிலரசன் கூட வருவான். அங்கிருந்து மைசூர், அப்புறம் எங்கெங்கேயோ. லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நீயும் வாயேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இரண்டு சீட்டுதான்.

பிரேக் மட்டும் பாக்கி இருந்தது. முன்சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ்கள் பழசு. அதை மாற்றி, உள்ளே இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். அதை எழிலரசனே அவன் ஷெட்டில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

"அண்ணே, பிரேக்க நீங்களே பண்ணுங்க" என்றான். "ஒருத்தரு பெடல அமுக்கணும், ஒருத்தரு கீழ நட்டத் தொறந்து மூடணும். ரெண்டு பேர் வேல. அதான் அக்கா கீறாங்களே. நான் நாளிக்கு வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து சொல்றேன்."

போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துபோயிருந்தது. எனக்காகத்தான் அந்த வேலையை மிச்சம் வைத்திருந்தான். நல்ல மனசுதான். ஆனால் ஒருவருக்கு ஒரு சாயங்காலத்தைப் பிச்சை போடுகிற மாதிரி போடக்கூடாது, மேடம்.

அன்று சாயங்காலம் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் சக்கரத்தோரம் படுத்திருந்தார். "அமுக்கு" என்பார், அமுக்குவேன். "பிடிச்சுக்கோ" என்பார், பிடித்துக்கொள்வேன். "விடு" என்பார். நடுவில் வேறு பேச்சு வரவில்லை. கோத்தகிரிக்கு எந்த வழியாகப் போவது என்று எழிலரசனிடம் போனில், காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, பேசியபடியே வேலை செய்தார். வேலை முடிந்ததும் பெடல் கல் மாதிரி இருந்தது. "நல்லா டைட்டா இருக்கு" என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

மறுநாள் அவர் காலை ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். எழிலரசன் பத்து மணிபோல வருவதாக இருந்தது. நான் துணி ஊறவைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கை போகும். புது ஹோஸின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு இடத்தில் ஆயில் போய்விட்டால் எதுவும் மிச்சமிருக்காது. எனக்கு இது தெரியும். அவர்தான் ஒருதடவை சொல்லிக்கொடுத்தார்.

பெடல் தொளதொளத்துப்போகும், கேட்டைத் தாண்டுவதற்குள் அவன் கண்டுபிடித்துவிடுவான், பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பது அதுதான்.

ஆனால் நான் பெடலை அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சநேரம் தாங்குகிற அளவுக்கு நட்டைத் திரும்ப முடுக்கினேன். கீழே சொட்டியிருந்ததைத் துணியால் துடைத்தேன். தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என் பழக்கம். குறைந்த ஆயிலை ஊற்றி அளவுக்குக் கொண்டுவந்தேன். ஹேண்ட் பிரேக் கேபிளையும் இளக்கிவிட்டேன்.

அவன் வந்தான். இட்லிப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்தான், மஹாலட்சுமி கொடுத்துவிட்டாளாம். "இன்னாக்கா, நேத்து ஜோலி நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டான். முடிந்தது என்றேன். வண்டியில் உட்கார்ந்து பெடலை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தான். "சூப்பர். அண்ணனும் நீங்களும் சேந்தா நான் எதுக்கு?" என்றான். நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓரமாக வரிசை கட்டி நிற்கும், உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்ததாம். கார் உயரமே இல்லை. லாரிக்கு அடியில் போய்விட்டது. மற்றதை நீங்கள் அங்கே பார்த்திருப்பீர்கள். அந்த இட்லியை நான் மதியம் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

வண்டியைச் சோதித்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர், நட்டு சரியாக முடுக்கப்படவில்லை, அதனால்தான் பிரேக் ஆயில் போயிருக்கிறது என்று எழுதினார். ஹேண்ட் பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பழைய வண்டி என்று விட்டுவிட்டார்கள். முதல்நாள் பிரேக்கைச் செய்தது தான்தான் என்று என் வீட்டுக்காரரே இதே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னார். கவனக்குறைவால் மரணம் என்று அவர்மேல் கேஸ் ஆனது. ஜாமீனில் வந்தார். பிளான்ட்டில் சஸ்பெண்ட் செய்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. நான் சமையலறையில் இருந்தால் சமையலறை வாசலில் வந்து உட்காருவார். கடைக்குப் போனால், "சீக்கிரம் வந்திருவல்ல?" என்பார். தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொள்வார். திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பார்.

"ஷாலினு, நான் அந்த நட்ட டைட் பண்ணினேனா, இல்லியா? நீ பக்கத்திலதான இருந்த?"

"நான் உள்ளே பெடல்ல இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்பேன். அவர் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். நான் தடவிக்கொடுப்பேன். என் கல்யாண வாழ்க்கையில் அந்த மாதங்கள்தான் நிம்மதியாகப் போனவை. இதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

போன மாதத்திலிருந்து அவர் மஹாலட்சுமி வீட்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். தன்னால் தாலி இழந்தவள் என்று. முதலில் அவள் கதவைத் திறக்கவில்லையாம். வாசலிலேயே வெயிலில் நின்றிருக்கிறார். இப்போது திறக்கிறாள். தண்ணீர் மோட்டாரைச் சரிபண்ணிக் கொடுக்கிறார், ஒழுகுகிற கூரைக்கு ஷீட் போடுகிறார். அவள் ஷிஃப்ட்டில் இருக்கும்போது குழந்தையை ஸ்கூலிலிருந்து கூட்டிவருகிறார். திரும்பி வந்தால் பசியில்லை என்கிறார். நேற்று, "நான் சாகுற வரைக்கும் அந்தக் குடும்பத்தப் பாக்கணும்" என்றார். என்னிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவர் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை, மேடம். அதைத்தான் சொல்ல வந்தேன். அவர் நட்டைச் சரியாகத்தான் முடுக்கியிருந்தார். நான் ஸ்பானரை வைத்தபோது அவ்வளவு இறுக்கமாக இருந்தது, கட்டைவிரல் வலித்தது. எழிலரசன் செத்தது அவரால் இல்லை. என்னால். வேண்டுமென்றே செய்தேன். இது அவருக்குத் தெரிந்துவிட்டால் அந்த வீட்டோடு அவருக்கு என்ன ஒட்டு? ஒன்றுமில்லை.

ஜெயிலைப் பற்றி எனக்குப் பயமில்லை. விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். பெண்களுக்குப் புழலில் தனி ஜெயில் இருக்கிறதாம். மனு போட்டால் வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாமாம். நடுவில் கம்பி இருக்கும், எதிரெதிரே நின்றுகொண்டு பேசலாம் என்றார்கள். அங்கே அவருக்குப் போன் கிடையாது, வேறு ஆள் கிடையாது, செய்வதற்கு வேலையும் கிடையாது. என்னைத்தான் பார்த்தாக வேண்டும்.

வருவார். முதலில் கோபமாகத்தான் வருவார், எனக்குத் தெரியும். வரட்டும். கோபம் வந்தால்தான் அவர் நிறையப் பேசுவார்.